மிகச்சிறிய கிண்ணப் பூஞ்சைகளை நுண்ணோக்கியில் அடையாளம் காண்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிண்ணப் பூஞ்சை என்று எதைச் சொல்கிறோம்?

மழை விட்ட மறுநாள், மக்கிக் கிடக்கும் ஒரு குச்சியை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை, மஞ்சள், சாம்பல் என்று ஏதாவது ஒரு நிறத்தில், கடுகை விடச் சிறிய வட்டுகள் ஒட்டியிருக்கலாம். சில தட்டையாக இருக்கும், சில கிண்ணம் போலக் குழிந்திருக்கும், சில மெல்லிய காம்பின் மேல் நிற்கும். இந்தப் பக்கம் முழுக்க அவற்றைப் பற்றித்தான்.

பை போன்ற ஓர் உறுப்புக்குள் வித்துகளை (ஸ்போர்களை) உண்டாக்கும் பூஞ்சைகள் இவை. அந்தப் பையின் பெயர் ஆஸ்கஸ். கிண்ணத்தின் உட்பரப்பில் ஆஸ்கஸ்கள் நாற்றங்கால் போல நெருக்கமாக நிற்கும். ஒவ்வொன்றிலும் பெரும்பாலும் 8 வித்துகள். நடுநடுவே வித்து உண்டாக்காத இழைகளும் நிற்கும், அவற்றுக்குப் பாராஃபைசிஸ் என்று பெயர். இந்த மூன்றையும் நினைவில் வைத்துக்கொண்டால் கீழே வருவது எல்லாம் புரியும்.

முன்பு இவை அனைத்தையும் டிஸ்கோமைசீட்ஸ் என்று ஒரே வகுப்பில் வைத்திருந்தார்கள். இன்று பெசிசோமைசீட்ஸ், லியோஷியோமைசீட்ஸ், ஆர்பிலியோமைசீட்ஸ் என்று பல வகுப்புகளாகப் பிரித்துவிட்டார்கள். வடிவம் ஒன்றாக இருப்பதால் நெருங்கிய உறவு என்று எண்ணிவிட வேண்டாம்.

நல்ல படம் ஒன்று எடுத்தால் பெயர் சொல்ல முடியாதா?

மிகச் சிலவற்றுக்கு முடியும். குளிர்ப் பகுதிக் காடுகளில் மக்கிய மரக்கட்டையையே நீலப்பச்சையாக்கிவிடும் குளோரோசிபோரியாவை அந்த நிறத்தை வைத்தே பேரினம் வரை சொல்லிவிடலாம். ஆனால் ஐரோப்பாவில் கிடைப்பது எருஜினாசென்ஸ் என்ற இனமா, எருஜினோசா என்ற இனமா என்று கேட்டால் வித்தை அளந்தாக வேண்டும். முன்னதன் வித்து சிறியது, பின்னதன் வித்து நீளமானது, அகலமானது.

மற்றபடி, ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளையாக ஒரு வட்டு என்றால் அது நூற்றுக்கணக்கான இனங்களில் எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு கூர்மையான படமாக இருந்தாலும் அதை வைத்துப் பெயர் சொல்வது ஊகம்தான். படத்தோடு, அது எந்தச் செடியின் எந்தப் பாகத்தில் வளர்ந்தது என்பதையும் குறித்து வையுங்கள். ஓக் இலை நரம்பிலா, பைன் கூம்பின் செதிலிலா, பெரணியின் காய்ந்த தண்டிலா என்ற ஒரு தகவலே பாதித் தேடலைக் குறைத்துவிடும்.

நுண்ணோக்கியில் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அது உண்மையிலேயே ஆஸ்கஸ் உள்ள பூஞ்சைதானா என்று முதலில் பாருங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேராக வித்தை அளக்கப் போகிறவர்கள் மணிக்கணக்கில் தவறான நூலைப் புரட்டுவார்கள். லாக்னெல்லா, கலிப்டெல்லா போன்றவை பார்வைக்கு அச்சு அசல் கிண்ணப் பூஞ்சைதான். நசுக்கிப் பார்த்தால் ஆஸ்கஸ் இருக்காது. தடி போன்ற செல்களின் உச்சியில் கொம்பு போன்ற சிறு முனைகளும் அவற்றின் மேல் வித்துகளும் இருக்கும். இவை காளான்களின் உறவினர்கள்.

இன்னொன்று லைக்கன், அதாவது பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி. அதற்கும் கிண்ணம் உண்டு, ஆஸ்கஸும் உண்டு. கிண்ணத்துக்கு அடியிலோ சுற்றியோ பச்சைப் பாசிச் செல்கள் இழைகளோடு பின்னிக் கிடந்தால் லைக்கன் பக்கம் போய்ப் பாருங்கள்.

ஸ்லைடு எப்படிச் செய்வது? எந்தத் திரவத்தில் வைப்பது?

தண்ணீரில். முதல் ஸ்லைடு எப்போதும் வெறும் தண்ணீரில்தான். நான் எல்லோரிடமும் மன்றாடிக் கேட்கும் ஒரே விஷயம் இது.

காரணம் சொல்கிறேன். ஆரம்ப நாட்களில் நான் கண்டெடுத்ததை எல்லாம் ஆல்கஹாலில் போட்டு வைத்தேன். பாதுகாப்பாக இருக்கும் என்ற நம்பிக்கை. பிறகு எடுத்துப் பார்த்தால் ஆஸ்கஸ்கள் சுருங்கியிருந்தன, பாராஃபைசிஸ்களுக்குள் இருந்த பளபளப்பான துளிகள் மறைந்திருந்தன, வித்துகளின் எண்ணெய்த் துளிகள் ஒன்றோடொன்று கலந்து உருமாறியிருந்தன. நூலில் இருக்கும் வர்ணனையில் எதுவும் பொருந்தவில்லை. அந்த ஒரு மழைக்காலத்துச் சேகரிப்பு முழுவதும் பெயரில்லாமலே போயிற்று. இன்றும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது.

உயிருள்ள ஆஸ்கஸ் நீர் நிரம்பி விறைப்பாக இருக்கும். அந்த அழுத்தத்தால்தான் வித்துகளை வெளியே பீய்ச்சுகிறது. இறந்துவிட்டால் நீளமும் அகலமும் குறைந்துவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த பூஞ்சை ஆய்வாளர் ஹான்ஸ் ஓட்டோ பாரல் பல பத்தாண்டுகளாக வற்புறுத்தி வருவது இதைத்தான். உயிரோடு பார்த்து எழுதிய வர்ணனையையும், உலர்ந்த மாதிரியில் இருந்து எழுதிய வர்ணனையையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது என்று 1992இல் விரிவாக எழுதினார். ஆர்பிலியா என்ற பேரினத்தில் ஒவ்வொரு வித்துக்குள்ளும் ஒரு சிறு உருண்டையோ கண்ணீர்த்துளி வடிவமோ தெரியும். இனத்துக்கு இனம் அதன் வடிவம் மாறும். ஆனால் வித்து உயிரோடு இருந்தால்தான் அது கண்ணுக்குத் தெரியும். கொன்றுவிட்டால் அடையாளமும் கூடவே போய்விடும்.

செய்முறை எளிது. கிண்ணம் காய்ந்திருந்தால் ஈரத் தாளின் மேல் சிறிது நேரம் வையுங்கள், விரிந்து கொடுக்கும். நுனி கூரான இடுக்கியால் ஒரே ஒரு கிண்ணத்தை எடுத்து, புதிய சவர பிளேடால் நடுவில் குறுக்கே வெட்டி, மெல்லிய துண்டு ஒன்றைச் சொட்டுத் தண்ணீரில் வையுங்கள். கவர் ஸ்லிப்பை மேலே போட்டு, பென்சிலின் ரப்பர் முனையால் மெதுவாகத் தட்டுங்கள். பலமாக அழுத்தினால் எல்லாம் கூழாகிவிடும். சிறிய கிண்ணத்துக்கு எத்தனை மெல்லிய துண்டு வேண்டும் என்பது கை பழகப் பழகத்தான் வரும், முதல் இருபது துண்டுகள் தடியாகவே இருக்கும்.

ஆஸ்கஸுக்கு மூடி இருக்கிறதா என்று ஏன் பார்க்கிறார்கள்?

வித்துகள் வெளியேறும்போது சில ஆஸ்கஸ்களின் உச்சியில் ஒரு சிறு மூடி, டப்பா மூடி போலத் திறக்கும். மற்றவற்றில் மூடி கிடையாது, உச்சியில் துளையோ கிழிசலோ விழும். பிரான்ஸைச் சேர்ந்த எமில் பூடியே 1885இல் இந்த வேறுபாட்டை வைத்தே கிண்ணப் பூஞ்சைகளை இரண்டாகப் பிரித்தார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தப் பிரிவு பெருமளவு நிற்கிறது. மூடி உள்ளவை பெசிசோமைசீட்ஸ் வகுப்பில் வருகின்றன. ஓரத்தில் கண்ணிமை முடி போன்ற முட்களோடு செக்கச்செவேலென்று இருக்கும் ஸ்குடெல்லினியா அதற்கு எடுத்துக்காட்டு. மூடி இல்லாத பெரும்பான்மை லியோஷியோமைசீட்ஸில்.

வித்து நிறைந்த ஆஸ்கஸில் மூடியைத் தேடுவது சிரமம். காலியான ஆஸ்கஸைத் தேடுங்கள், மூடி ஓரமாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

அயோடின் சோதனை எதற்கு? மெல்சர் கரைசலா, லூகால் கரைசலா?

சில ஆஸ்கஸ்களின் உச்சியில் ஒரு நுண்வளையம் இருக்கும். அயோடின் பட்டால் அது நீலமாகும். சிலவற்றில் எந்த மாற்றமும் இருக்காது. பெசிசா போன்றவற்றில் உச்சி முழுவதுமே நீலமாகும், ஆஸ்கோபோலஸில் பை முழுவதும் மெலிதாக நீலம் ஏறும். ஒரு சொட்டில் பேரினங்களையே பிரித்துக் காட்டும் சோதனை இது.

இதில் சிக்கலான ஒரு மூன்றாவது வகையும் உண்டு. லூகால் கரைசலில் சிவப்பாகும், ஆனால் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து, கழுவி, பிறகு லூகால் விட்டால் நீலமாகும். இதைப் பலர் பல காலம் பார்க்கவே இல்லை. ஏனென்றால் அவர்கள் பயன்படுத்தியது மெல்சர் கரைசல். செக் நாட்டு மெல்சர் 1924இல் ருசுலா காளான்களின் வித்துகளுக்காக உருவாக்கிய கரைசல் அது. அதில் அயோடினோடு குளோரல் ஹைட்ரேட்டும் சேரும். அந்தக் குளோரல் ஹைட்ரேட் சிவப்பு வினையைத் தலைகாட்ட விடாது, சோதனை செய்தவர் 'வினை இல்லை' என்று எழுதிவிடுவார். பாரல் 1987இல் இதை விளக்கிக் காட்டினார். பழைய நூல்களில் அயோடின் வினை இல்லை என்று இருந்தால், எந்தக் கரைசலில் பார்த்தார்கள் என்று ஒருமுறை சரிபாருங்கள்.

அதனால் என் பதில்: லூகால். தண்ணீரில் சுமார் 1 சதவீதம் அயோடின், 3 சதவீதம் பொட்டாசியம் அயோடைடு. தண்ணீர் ஸ்லைடின் ஒரு ஓரத்தில் சொட்டு விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாளை வைத்து இழுத்தால் நிறம் மாறுவதைக் கண் முன்னாலேயே பார்க்கலாம். குளோரல் ஹைட்ரேட் பல நாடுகளில் கட்டுப்பாட்டில் உள்ள பொருள், உடலுக்கும் கேடு. அது இல்லாமலேயே வேலை நன்றாக நடக்கும்போது அதை ஏன் தேடிப் போக வேண்டும்?

ஆஸ்கஸின் அடிப்பகுதியைப் பார் என்கிறார்களே, அங்கே என்ன இருக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு கண்டத்தின் மரங்களே இதில் சம்பந்தப்பட்டிருக்கின்றன.

ஆஸ்கஸ் உருவாகும் முன் இழையின் நுனி கைத்தடிப் பிடி போல வளையும். வளைவின் மேற்பகுதிச் செல்தான் ஆஸ்கஸாக நீளும். வளைந்த நுனி கீழே இழையோடு மறுபடி இணைந்துகொள்ளும். இதனால் ஆஸ்கஸின் அடியில் ஒரு சிறு கொக்கி, சில சமயம் இடைவெளி தெரியும் வளையம், மிஞ்சும். எல்லா இனங்களிலும் இது நடப்பதில்லை. கொக்கி இல்லாதவற்றில் ஆஸ்கஸின் அடி ஒரு சாதாரணக் குறுக்குச் சுவரோடு முடிந்துவிடும்.

இப்போது ஆஷ் மரத்துக்கு வருவோம். ஐரோப்பாவின் முக்கியமான மரங்களில் ஒன்று. அதன் இலை வேப்பிலை போலக் கூட்டிலை. சிற்றிலைகள் உதிர்ந்த பிறகு ஈர்க்கு தரையில் கிடந்து மக்கும். அந்த ஈர்க்கின் மேல் கோடையில் சில மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைக் கிண்ணங்கள் தோன்றும். ஹைமெனோஸ்கைபஸ் ஆல்பிடஸ் என்ற அந்த உள்ளூர்ப் பூஞ்சை யாருக்கும் தீங்கு செய்யாமல் அங்கே நெடுங்காலம் வாழ்ந்து வந்தது.

1990களின் தொடக்கத்தில் போலந்தில் ஆஷ் மரங்கள் நுனியில் இருந்து காய்ந்து சாகத் தொடங்கின. நோய் நாடு நாடாகப் பரவியது. நோயாளி மரங்களில் இருந்து பிரித்தெடுத்த பூஞ்சைக்கு 2006இல் சலாரா ஃப்ராக்சினியா என்று பெயர் வைத்தார்கள், அது பாலிலா நிலை மட்டும், அதாவது கிண்ணமும் ஆஸ்கஸும் இல்லாமல் பெருகும் நிலை. 2009இல் அதன் கிண்ண நிலை நம்ம பழைய ஆல்பிடஸ்தான் என்று முடிவு செய்தார்கள். காலங்காலமாகச் சாதுவாக இருந்த பூஞ்சை திடீரென்று ஏன் கொலைகாரனானது என்ற குழப்பம். 2011இல் மரபணு ஆய்வு அது வேறொரு இனம் என்று காட்டியது. இன்று அதன் பெயர் ஹைமெனோஸ்கைபஸ் ஃப்ராக்சினியஸ். கிழக்கு ஆசியாவில் இருந்து வந்தது, அங்கே மஞ்சூரிய ஆஷ் மரத்தின் ஈர்க்குகளில் பெரிய தொல்லை இல்லாமல் வாழ்வது.

இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வித்துகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி. ஆனால் ஆஸ்கஸின் அடியைப் பார்த்தால் விடை இருக்கிறது. ஃப்ராக்சினியஸில் கொக்கி உண்டு. ஆல்பிடஸில் கொக்கி கிடையாது. ஜப்பானிய மாதிரிகளை ஆராய்ந்தவர்களும் பாரலும் சேர்ந்து 2012இல் இதை வெளியிட்டார்கள். மரபணு இயந்திரம் இல்லாதவர்கூட ஒரு நல்ல எண்ணெய் லென்ஸை வைத்துக்கொண்டு, கையில் இருப்பது மரத்தைக் கொல்வதா கொல்லாததா என்று சொல்லிவிடலாம். சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள ஒரு வளைவு அவ்வளவு பெரிய சேதி சொல்கிறது.

கொக்கியைப் பார்க்க, தண்ணீர் ஸ்லைடைப் பார்த்து முடித்த பிறகு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் நசுக்கிக் காங்கோ ரெட் சாயம் ஏற்றுங்கள். செல்சுவர்கள் தெளிவாகும். பிரிந்து மிதக்கும் ஆஸ்கஸ்களைத் தேடி, ஒன்றிரண்டைப் பார்த்து முடிவு கட்டாமல் பத்துப் பதினைந்தாவது பாருங்கள். முதிர்ந்த ஆஸ்கஸை விட இளம் ஆஸ்கஸில் அடிப்பகுதி நன்றாகத் தெரியும்.

வித்துகளை எப்படி அளப்பது? எத்தனை அளக்க வேண்டும்?

ஆஸ்கஸை விட்டு வெளியேறிய வித்துகளை மட்டும் அளங்கள். உள்ளே இருப்பவை முதிர்ந்தவையா என்று சொல்ல முடியாது. முதிர்ந்த வித்துகள் கிடைக்க எளிய வழி, ஈரமான டப்பாவில் கிண்ணத்துக்கு மேலே ஒரு ஸ்லைடைக் கவிழ்த்து வைப்பது. இரவோடு இரவாகக் கிண்ணம் தானாகவே வித்துகளை அதன் மேல் சுட்டு வைத்திருக்கும். பெரிய கிண்ணங்களில் மூச்சு பட்டதும் வித்துகள் புகை போல எழுவதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். பார்க்காதவர்கள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும்.

குறைந்தது 20, முடிந்தால் 30 வித்துகள். நீளம், அகலம் இரண்டும். கண்ணருகு லென்ஸில் உள்ள அளவுகோலை, 0.01 மில்லிமீட்டர் கோடுகள் போட்ட அளவு ஸ்லைடை வைத்து ஒவ்வொரு பொருளருகு லென்ஸுக்கும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் எழுதிய எண்ணுக்கு மதிப்பு இல்லை.

அளவோடு நிறுத்திவிடவும் வேண்டாம். எண்ணெய்த் துளி எத்தனை, எங்கே, பெரிதா சிறிதா என்று படம் வரையுங்கள். மக்கிய கட்டைகளில் எலுமிச்சை மஞ்சளாகக் கூட்டமாக வரும் காலிசினா சிட்ரினாவின் வித்தில் இரு முனையிலும் ஒவ்வொரு துளி இருக்கும். முதிரும்போது நடுவில் ஒரு குறுக்குச் சுவர் விழும். அந்தச் சுவரை மட்டும் பார்த்துவிட்டு வேறு பேரினம் என்று போனவர்கள் உண்டு. ஸ்குடெல்லினியாவில் வித்தின் மேல் உள்ள பருக்கள்தான் இனத்தைச் சொல்லும். அதற்குக் காட்டன் புளூ சாயத்தில் லேசாகச் சூடாக்கிப் பார்க்க வேண்டும்.

முடிகளும் பாராஃபைசிஸ்களும் எவ்வளவு முக்கியம்?

மிகவும். லாக்னம் பேரினத்தை வைத்துச் சொல்கிறேன். லென்ஸில் பார்த்தால் பஞ்சு ஒட்டிய சின்னக் கோப்பை. நுண்ணோக்கியில் பார்த்தால் கிண்ணத்தின் வெளிப்பக்கம் முழுக்கக் குறுக்குச் சுவர்கள் கொண்ட முடிகள், அவற்றின் மேல் மணல் தூவியது போலத் துகள்கள். உள்ளே பாராஃபைசிஸ்கள் ஈட்டி முனை வடிவில், ஆஸ்கஸ்களைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டும் சேர்ந்தால் லாக்னமோ அதன் நெருங்கிய உறவோதான்.

அப்புறம் மொலிசியா. சாம்பல் நிறத்தில், பார்த்தால் சலிப்பூட்டும் வட்டு, ஆனால் இனங்கள் ஏராளம். உயிருள்ள மொலிசியாவின் பாராஃபைசிஸ்களுக்குள் கண்ணாடி போல ஒளியை வளைக்கும் நீண்ட உடல்கள் இருக்கும். ஒரு சொட்டுப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் பல இனங்களில் மஞ்சள் நிறம் சட்டென்று பரவும், சிலவற்றில் பரவாது. உலர்த்தி வைத்த மாதிரியில் இந்தச் சோதனையை நம்ப முடியாது. மறுபடியும் அதே பாடம்தான்: உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.

பொட்டாசியம் ஹைட்ராக்சைடு தோலையும் லென்ஸையும் அரிக்கும். 3 முதல் 5 சதவீதக் கரைசல் போதும்.

கிண்ணத்தின் சுவரையும் பார்க்க வேண்டுமா?

ஆம். நெட்டுக்குத்தாக வெட்டிய மெல்லிய துண்டில், வெளிச்சுவரின் செல்கள் உருண்டையா, பல கோணமா, செங்கல் அடுக்கியது போல நீள்சதுரமா, வெறும் இழைப்பின்னலா என்று குறித்துக்கொள்ளுங்கள். நசுக்கிய ஸ்லைடில் இது தெரியாது.

எந்த மாதிரி நுண்ணோக்கி வாங்கலாம்?

கல்லூரி மாணவர்கள் பயன்படுத்தும் சாதாரண நுண்ணோக்கி போதும். 10, 40, 100 மடங்குப் பொருளருகு லென்ஸ்கள் இருக்க வேண்டும். 100 மடங்கு லென்ஸ் எண்ணெயோடு பயன்படுத்துவது. காசு மிச்சம் இருந்தால் கேமராவுக்குச் செலவழிக்காமல் நல்ல 100 மடங்கு லென்ஸுக்குச் செலவழியுங்கள். களத்துக்கு 10 மடங்குக் கைலென்ஸ் ஒன்று.

வெப்பமான ஊரில் இருக்கிறேன். எனக்கு இவை எங்கே கிடைக்கும்?

மாட்டுச் சாணத்தில். சிரிக்க வேண்டாம், உலகம் முழுக்க மாணவர்கள் தொடங்கும் இடம் அதுதான். மேய்ச்சல் தரையில் கிடக்கும் சாணத்தில் ஒரு துண்டை எடுத்து, மூடி உள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் ஈரத் தாளின் மேல் வைத்து, வெளிச்சம் படும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் தேங்கக் கூடாது. சில நாட்களில் பைலோபோலஸ் பளிங்குக் கம்பங்கள் போல முளைக்கும், அது வேறு வகைப் பூஞ்சை, அதன் அழகுக்காகப் பாருங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் கிண்ணங்கள் வரும்.

மஞ்சள் நிற வட்டின் மேல் கருஊதாப் புள்ளிகள் தெரிந்தால் பெரும்பாலும் ஆஸ்கோபோலஸ். அந்தப் புள்ளிகள், முதிர்ந்து பரப்புக்கு மேலே எட்டிப் பார்க்கும் ஆஸ்கஸ்கள். அவை வெளிச்சத்தை நோக்கி வளைந்து வித்துகளைச் சுடும், சாணத்தைத் தாண்டிப் புல்லின் மேல் போய் ஒட்டினால்தானே மாட்டின் வயிற்றுக்குள் போய் அடுத்த சாணத்தில் முளைக்க முடியும்! வித்துகள் ஊதா நிறம், மேலே நீளவாக்கில் கீறல்கள். எட்டு வித்துகளும் ஒரே பொட்டலமாக ஒட்டியிருந்தால் சாக்கோபோலஸ். கிண்ணத்தைச் சுற்றிக் குறுக்குச் சுவரே இல்லாத விறைப்பான முட்கள் இருந்தால் லாசியோபோலஸ். ஆஸ்கோபோலஸ் இம்மெர்சஸ் என்ற இனத்தின் வித்து நீளத்தில் 50 மைக்ரானையும் தாண்டும், கற்றுக்கொள்பவருக்கு அதைவிட எளிதான வித்து கிடைக்காது. வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மரபணு ஆய்வு வந்த பிறகும் இந்த உழைப்பு தேவையா?

தேவை. ஒரு மில்லிமீட்டர் கிண்ணத்தோடு பாசி, வேறு பூஞ்சை இழைகள், பாக்டீரியா எல்லாம் சேர்ந்தே வரும். கிடைத்த மரபணு வரிசை யாருடையது என்பதை முதலில் நுண்ணோக்கியில் பார்த்து வைத்தவரால்தான் சொல்ல முடியும். பல சிறிய இனங்களுக்கு ஒப்பிட்டுப் பார்க்கத் தரவுத்தளத்தில் வரிசையே இல்லை. இருப்பவற்றிலும் சில தவறான பெயரில் பதிவாகியிருக்கின்றன. இரண்டையும் செய்ய வசதி இருந்தால் இரண்டையும் செய்யுங்கள், ஆனால் நுண்ணோக்கி முதலில்.

பார்த்து முடித்த மாதிரியை என்ன செய்வது?

குச்சியோடு சேர்த்து நிழலில் காற்றாட உலர்த்தி, காகித உறையில் போடுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், பூசணம் பிடிக்கும். உறையின் மேல் தேதி, இடம், எந்தச் செடி, எந்தப் பாகம் என்று எழுதி, உங்கள் அளவுகளையும் வரைபடங்களையும் உள்ளே வையுங்கள். 'தண்ணீரில், உயிரோடு பார்த்தது' என்பதை மறக்காமல் குறிப்பிடுங்கள். சிறிய கிண்ணங்கள் பல, உலர்ந்த பிறகும் சில வாரங்கள், சில இனங்களில் மாதக்கணக்கில்கூட, உயிரோடு இருக்கும். அதனால் உறையை மூடி வைத்த பிறகு சந்தேகம் வந்தால் தயங்காமல் எடுத்து ஒரு ஈரத் தாளில் வைத்துப் பாருங்கள்.